கைதட்டியவன் கணக்குக் கேட்கலாமா?

கல்லூரி ஒன்று. அந்தக் கல்லூரிக்கு ஒரு ஹாக்கிக் குழு. அந்தக் குழுவுக்கு ஒரு ரசிகர் கூட்டம். "பணமில்லை, குழுவைக் கலைக்கிறோம்" என்று மேலிடத்திலிருந்து ஒரு நாள் அறிவிப்பு வருகிறது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தார்களா? இல்லை. வேறு குழுவைத் தேடிக்கொண்டு போனார்களா? அதுவும் இல்லை. நம் மொழியில் சொன்னால், துண்டேந்தினார்கள்! சிறுகச் சிறுகச் சேர்த்து, 30 லட்சம் டாலர் திரட்டிக் காட்டினார்கள். பூட்டிய கதவைப் பூட்டியவர்களே திறக்க வேண்டியதாயிற்று.

நடந்த இடம், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள ஆங்கரேஜ் நகரம். நடந்த காலம், 2020, 2021.

"இந்த வேடிக்கையெல்லாம் நமக்கு எதற்கு? எங்கோ பனி பெய்யும் ஊரில், எவர் வீட்டுப் பிள்ளைகளோ ஆடும் ஆட்டம். அதற்கு நம் ஏட்டில் இடமா?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். விசுவாசம் என்ற சொல்லை நாளொரு தடவையாவது உச்சரிக்கிறவர்கள் நாம். அந்த விசுவாசத்துக்கு விலை கொடுப்பவர் யார், அதைக் கொண்டு பயனடைபவர் யார், கடைசியில் முடிவெடுப்பவர் யார் என்பதை இந்தக் கதையைப்போல் தெளிவாகக் காட்டும் கதை வேறு கிடைப்பது அரிது. ஆகவே சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

பனித்தளத்து ஆட்டம்

நாம் அறிந்த ஹாக்கி தரையில் ஆடுவது. இது உறைந்த பனிக்கட்டித் தளத்தில் ஆடுவது. பந்து கிடையாது, 3 அங்குல விட்டமுள்ள கெட்டி ரப்பர் வட்டு உண்டு. காலணியின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு. கோல் காப்பவரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 6 பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். வட்டு பறக்கும் வேகத்தைக் கண் தொடர்வதற்குள் கோல் விழுந்துவிடும்.

கல்லூரிக் குழுக்கள்தானே என்று குறைவாக எண்ண வேண்டாம். 1980 பிப்ரவரி 22 அன்று, லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், உலகை நடுங்கவைத்த சோவியத் அணியை அமெரிக்க அணி 4-3 என்று வென்றது. அந்த அமெரிக்க அணியில் இருந்த 20 பேரும் கல்லூரிக் குழுக்களில் ஆடிப் பழகிய இளைஞர்கள். மினசோட்டா, பாஸ்டன், விஸ்கான்சின், பவுலிங் கிரீன் என்று கல்லூரி அரங்குகளிலிருந்து வந்தவர்கள். அந்தப் பிள்ளைகளைக் கைதட்டி வளர்த்தவர்கள் அந்தந்த ஊர் ரசிகர்கள். வெற்றி வந்த நாளில் உலகமே கைதட்டியது. வெற்றி வராத நாட்களிலும் கைதட்டியவன் உள்ளூர் ரசிகன் ஒருவனே.

அவனுடைய பக்தியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் பக்கம் போதாது. எதிரணியின் கோல் காப்பவர் ஒரு வட்டைத் தவறவிட்டால் போதும், அரங்கம் முழுவதும் எழுந்து நின்று, அவரை நோக்கி விரல் நீட்டி, "சல்லடை! சல்லடை! சல்லடை!" என்று முழங்கும். ஓட்டை நிறைந்தவர் என்று பொருள். கல்லூரி ஹாக்கியில் இது பல ஊர்களுக்குப் பொதுவான முழக்கம்.

நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1970இல் அதன் குழு 29 ஆட்டங்கள் ஆடி, 29இலும் வென்று, தேசியப் பட்டம் பெற்றது. ஹார்வர்டு குழு அங்கே ஆட வந்தால் ரசிகர்கள் தளத்தின்மீது மீன்களை வீசுவார்கள். ஏன் மீன்? கார்னெலில் வேளாண்மைக் கல்லூரி உண்டு. "நீங்கள் கோழி வளர்க்கத்தான் லாயக்கு" என்று கேலி செய்யும் வகையில், ஹார்வர்டு ரசிகர்கள் ஒருமுறை கோழியைக் கொண்டுவந்து காட்டினார்களாம். அதற்குப் பதிலாக, கடலோர நகரத்துக் கனவான்களுக்கு மீன் மரியாதை! விளையாட்டுத்தனம்தான். ஆனால் அந்த விளையாட்டுக்குள்ளே, ஏர் பிடிப்பவனை ஏளனம் செய்தால் எவருக்கும் ரோஷம் வரும் என்ற உண்மையும் பொதிந்திருக்கிறது.

பாஸ்டன் நகரின் நான்கு கல்லூரிகள் ஆண்டுதோறும் பிப்ரவரியில் மோதிக்கொள்ளும் போட்டி ஒன்று உண்டு. அவித்த மொச்சைப் பானை என்று அதற்குச் செல்லப் பெயர். 1952இல் தொடங்கியது. 1978 பிப்ரவரி 6 அன்று அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்த வேளையில், வெளியே பெரும் பனிப்புயல் அடித்தது. ஆட்டத்தை விட்டு எழுந்து போக மனமில்லாமல் இருந்த ரசிகர்கள் பலர், ஆட்டம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் வீடு திரும்ப வழியில்லை. அரங்கத்திலேயே தங்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள்! சிலர் நாட்கணக்கில்!

நாலாண்டுக்காரனும் நாற்பதாண்டுக்காரனும்

இவ்வளவும் செய்கிறானே ரசிகன், அவனுக்கு என்ன கிடைக்கிறது?

சம்பளம் உண்டா? இல்லை. லாபத்தில் பங்கு உண்டா? இல்லை. டிக்கெட்டுக்குக் கொடுக்கிறான், வாகனம் நிறுத்தக் கொடுக்கிறான், குழுவின் வண்ணத்தில் சட்டை வாங்கக் கொடுக்கிறான். வாங்கிக்கொண்டு திரும்புவது தொண்டைக் கட்டு ஒன்றைத்தான்.

ஆட்டக்காரர் நான்கு ஆண்டு ஆடிவிட்டுப் போய்விடுவார். இப்போது நான்கு ஆண்டுகூட நிச்சயமில்லை. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு ஆண்டுதோறும் மாறிக்கொள்ள வழி திறந்துவிட்டது. பயிற்சியாளர் கூடுதல் சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவார். தலைவர்கள் பதவி உயர்வு பெற்று வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். போகாதவன் ரசிகன். நாலாண்டுக்கு வந்தவனைத் தோளில் சுமந்து, அவன் போனபின் அடுத்தவனைச் சுமந்து, நாற்பதாண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்.

ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பது பற்றி நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. உழைப்பவனுக்குக் கூலி வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நெடுங்காலம் அது மறுக்கப்பட்டு வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆயிற்று. எல்லா ஆட்டங்களையும் சேர்த்து, 2025-26ஆம் ஆண்டுக்கு ஒரு கல்லூரி கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். நல்லது. வரவேற்போம். ஆனால் இப்படிப் பெரிய பெட்டி திறந்திருக்கும் காலத்தில், சிறிய கல்லூரியின் சிறிய பெட்டி என்னவாகும்? அது காலியானால் யாரைக் கேட்டுப் பூட்டுவார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் அலாஸ்காவுக்குப் போகிறோம்.

ஒரு கையில் வாக்குறுதி, மறு கையில் கத்தரி

அலாஸ்கா எண்ணெய் விளையும் மாநிலம். அரசின் வருமானத்தில் பெரும் பகுதி எண்ணெயிலிருந்து வருவது. அந்தப் பணத்தில் உருவான நிதியிலிருந்து மாநிலக் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பங்குத்தொகை கொடுப்பது அங்கே வழக்கம். எண்ணெய் விலை விழுந்தது. அரசின் கையிருப்பு சுருங்கியது. அந்த வேளையில், பங்குத்தொகையைப் பெரிதாகத் தருவேன் என்று வாக்களித்து ஆளுநர் பதவிக்கு வந்தார் மைக் டன்லீவி. அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். 2019இல் பல்கலைக்கழகத்துக்குரிய அரசுப் பணத்தில் 13 கோடி டாலரை ஒரே கையெழுத்தில் வெட்டினார். எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு, மூன்று ஆண்டுகளில் 7 கோடி டாலர் வெட்டு என்று இறங்கி வந்தார். ஒரு கையில் வாக்குறுதி, மறு கையில் கத்தரி! இறங்கி வந்த பிறகும் அந்தக் கத்தரி கூர்மையாகவே இருந்தது.

2020 ஆகஸ்டில் ஆங்கரேஜ் வளாகத்தின் தலைமை, ஆடவர் ஹாக்கி, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், மலைப்பனிச் சறுக்கு ஆகியவற்றைக் கைவிடப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அதை ஏற்றது. ஏற்கும்போதே ஒரு நிபந்தனையும் வைத்தது: இரண்டு ஆண்டுச் செலவுக்குரிய பணத்தை வெளியிலிருந்து திரட்டிக் கொடுத்தால் மறுபடியும் சேர்த்துக்கொள்வோம்!

ஹாக்கிக்கு அந்தத் தொகை 30 லட்சம் டாலர். முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார்களோ என்னவோ, நமக்குத் தெரியாது. ஆனால் ரசிகர்கள் அதை முடித்துக் காட்டினார்கள்.

இந்தக் குழு பட்டங்களைக் குவித்த குழு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991இல் தேசியப் போட்டிக்குச் சென்று, பாஸ்டன் கல்லூரியை அதன் ஊரிலேயே வீழ்த்தியதுதான் அதன் பெரும் புகழ். அதன் பிறகு தோல்விகளே மிகுதி. கடைசி ஆண்டுகளில் அரங்கத்தில் காலி நாற்காலிகள் நிறைய இருந்தன. வென்றுகொண்டிருக்கும் குழுவைக் காப்பாற்ற ஆயிரம் பேர் வருவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் குழுவைக் காப்பாற்ற வந்தவர்கள் இவர்கள்!

முன்னாள் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஊர் வணிகர்கள் வந்தார்கள். பெரிய தொகை கொடுத்தவர்கள் உண்டு. தங்களால் இயன்ற சிறு தொகை கொடுத்தவர்களும் உண்டு. பெருந்தொற்றுக் காலம், கூட்டம் கூட முடியாது, விருந்து வைத்து நிதி திரட்ட முடியாது. முதலில் குறித்த கெடுவில் தொகை நிறைவேறவில்லை. கெடு நீட்டிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு இறுதியில் இலக்கு நிறைவேறியது. குழு மீண்டது. ஜிம்னாஸ்டிக்ஸும் பனிச்சறுக்கும் அதே வழியில் மீண்டன.

2022 இலையுதிர் காலத்தில் ஹாக்கிக் குழு மறுபடியும் தளத்தில் இறங்கியது. பயிற்சியாளராக வந்தவர் முன்பு அதே குழுவில் ஆடிய மாட் ஷாஸ்பி. முன்னே ஆடிய அரங்கம் 6,000 பேருக்கு மேல் அமரக்கூடிய சல்லிவன் அரங்கம். இப்போது அது இல்லை. வளாகத்துக்குள் சில நூறு பேர் அமரும் சிறு தளந்தான். குழு 2019இலேயே அங்கே மாறிவிட்டது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது சல்லிவன் அரங்கத்தை வீடற்றவர்களின் புகலிடமாக நகராட்சி மாற்றியது. குளிரில் உறைந்து சாக வேண்டியவர்கள் அங்கே படுத்து உயிர் பிழைத்தார்கள் என்றால், ஹாக்கிக்காரன் சிறு தளத்தில் ஆடட்டும். அதில் அவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை. எண்ணெய் கொழிக்கும் மாநிலத்தில் ஏழைக்குப் படுக்க ஹாக்கி அரங்கந்தான் கிடைத்தது என்பது, ஆட்டக்காரன் தலைகுனிய வேண்டிய சேதி அல்ல. ஆட்சிக்காரன் தலைகுனிய வேண்டிய சேதி.

கொடுத்தும் இழந்த ஊர்

ஆங்கரேஜ் கதையோடு நிறுத்திக்கொண்டால், "பார்த்தீர்களா, பக்தி வென்றது" என்று முரசு கொட்டிவிட்டுப் போய்விடலாம். அப்படிச் செய்வது முழு உண்மையாகாது. இன்னோர் ஊர் இருக்கிறது.

அமெரிக்காவின் தென்பகுதி, அலபாமா மாநிலம், ஹன்ட்ஸ்வில் நகரம். ராக்கெட் நகரம் என்று பெயர் பெற்றது. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய ராக்கெட்டை உருவாக்கிய ஊர். வெயில் அடிக்கும் அந்த ஊரில், அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹன்ட்ஸ்வில் வளாகத்துக்கு ஒரு பனித்தள ஹாக்கிக் குழு. 1979இல் மாணவர் சங்கமாகத் தொடங்கி, 1996லும் 1998லும் இரண்டாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்ற குழு. பனி அரிதாகவே பெய்யும் ஊரில் பனித்தள ஆட்டத்தை ஊன்றி வளர்த்தவர்கள் அந்த ஊர் ரசிகர்கள்.

2011லேயே அதன் கழுத்துக்குக் கத்தி வந்தது. ஊர் கூடிக் கூக்குரலிட்டதும், புதிதாக வந்த தலைவர் குழுவைக் காப்பாற்றினார். 2020 மே மாதத்தில் மறுபடியும் கத்தி. ஹாக்கியும் டென்னிஸும் கைவிடப்படும் என்றார்கள். ரசிகர்களுக்குக் கிடைத்தது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்குள் 5 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது! முன்னாள் ஆட்டக்காரர்களான இரண்டு செல்வந்தர்கள் வேறு பெருந்தொகை கொடுத்தார்கள். ஹாக்கிக் குழுவுக்கு ஓராண்டு உயிர் கிடைத்தது.

ஓராண்டுதான். 2021 மே மாதத்தில் குழு நிறுத்தி வைக்கப்பட்டது. இம்முறை, பணமில்லை என்று சொல்லவில்லை. ஆடுவதற்கு லீக் இல்லை என்றார்கள்.

லீக் எங்கே போயிற்று? அதையும் கேளுங்கள். ஹன்ட்ஸ்வில், ஆங்கரேஜ், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஆகிய மூன்றும், வேறு ஏழு கல்லூரிகளோடு ஒரே லீகில் இருந்தன. அந்த ஏழும் அமெரிக்காவின் வடநடுப் பகுதியில் அருகருகே இருப்பவை. 2019 ஜூனில் அந்த ஏழு கல்லூரிகளும் ஒன்றாக அறிவித்தன: நாங்கள் விலகுகிறோம், தனி லீக் அமைத்துக்கொள்கிறோம்! தூரத்தில் இருக்கும் மூன்றையும் சுமந்து செல்லச் செலவு அதிகம் என்பது மறைமுகமாகவும் நேர்முகமாகவும் சொல்லப்பட்ட காரணம். ஏழு பேர் ஒரு முடிவெடுத்தார்கள். மூன்று பேர் நடுத்தெருவில் நின்றார்கள். விலகிய ஏழு ஊர் ரசிகர்களிடமும் யாரும் வாக்குக் கேட்கவில்லை. கைவிடப்பட்ட மூன்று ஊர் ரசிகர்களிடமும் கேட்கவில்லை.

ஆங்கரேஜ் குழு லீக் இல்லாமலேயே தனித்து ஆடுவது என்று துணிந்தது. ஃபேர்பேங்க்ஸும் தனித்து நின்றது. ஹன்ட்ஸ்வில் தலைமை துணியவில்லை. ஒரு வாரத்தில் 5 லட்சம் டாலர் கொடுத்த ஊரின் தளத்தில் இன்று முதல் பிரிவு ஹாக்கி இல்லை.

இரண்டு ஊரிலும் ஒரே அன்பு. இரண்டு ஊரிலும் ஒரே உண்டியல். ஏன் ஓர் ஊர் வென்றது, ஓர் ஊர் தோற்றது?

கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. ஆங்கரேஜில் ஆட்சிக்குழு பகிரங்கமாக நிபந்தனை வைத்தது. இவ்வளவு தொகை, இந்தத் தேதி, கொடுத்தால் குழு திரும்பும் என்று ஊரறியச் சொன்னது. சொன்ன வார்த்தை ரசிகன் கையில் பத்திரம் போல இருந்தது. தொகை நிறைந்ததும், அதைக் காட்டிக் கதவைத் திறக்கச் சொல்ல முடிந்தது. ஹன்ட்ஸ்வில் ரசிகனுக்குக் கிடைத்தது ஓராண்டு மூச்சு. மறு ஆண்டு என்ன ஆகும் என்பது, அவன் இல்லாத அறைகளில், வேறு ஊர்களின் மேசைகளில் முடிவாயிற்று. அவன் பணத்தைக் கொடுத்தான்; பத்திரம் வாங்கத் தவறினான். வாங்கக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

மூன்றாவதாக ஒரு சான்று. பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர் பெயர் அது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஹாக்கிக்குப் பணமில்லை என்று 2021 மே மாதத்தில் ஆடவர் குழு, பெண்கள் குழு இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். அந்தப் பெண்கள் குழு அதே ஆண்டு மார்ச்சில்தான் தேசியப் போட்டி வரை சென்று வந்திருந்தது! வென்று வந்தவளுக்கும் வேலையில்லை என்ற கதை. அங்கேயும் பெற்றோரும் முன்னாள் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் நிதி திரட்டினார்கள். இரு குழுக்களும் 2023 இலையுதிர் காலத்தில் மீண்டும் களம் கண்டன. இடையில் இரண்டு பருவங்கள் போயின. அந்த இரண்டு பருவங்களில் சிதறிப்போன இளைஞர்களுக்கு யார் ஈடு கொடுப்பது?

எதிர்க்கேள்விகள்

"பாடத்துக்கே பணமில்லாதபோது பனித்தள ஆட்டம் கேட்கிறதா?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஒதுக்கிவிட முடியாது. அலாஸ்காவில் அதே 2020இல் பல படிப்புகளும் வெட்டப்பட்டன. ஹாக்கிக்கு 30 லட்சம் டாலர் திரட்டிய ஊர், வெட்டுப்பட்ட படிப்புக்கு அப்படித் திரளவில்லை. இது ரசிகனின் பக்தியில் உள்ள குறை. தன் குழுவின்மேல் வைத்த கண்ணை அக்கம்பக்கம் திருப்பாத குறை. ஆனால் அந்தக் குறையைச் சொல்லிக் கத்தரி பிடித்தவனைத் தப்பவிடக்கூடாது. பாடத்தை வெட்டியவனும் ஆட்டத்தை வெட்டியவனும் ஒருவனே. மாணவனும் ரசிகனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றால், அவனுக்கு வேலை சுலபம்.

"அரசு கொடுக்க வேண்டியதை ரசிகன் கொடுத்தது சரியா?" என்பது இரண்டாவது கேள்வி. இதில்தான் நமக்கு உண்மையான கவலை. ஒருமுறை உண்டியல் நிறைந்துவிட்டால், "இனி எல்லாவற்றுக்கும் உண்டியல்தான்" என்று சொல்லத் தயங்கமாட்டார்கள். உண்டியல் உயிரைக் காக்கும், உரிமையைக் காக்காது. உண்டியலோடு உரிமையையும் கேட்கத் தெரிந்தால்தான் அடுத்த முறை உண்டியல் தேவைப்படாது.

"கைதட்ட வந்தவன் கணக்குக் கேட்டால் நிர்வாகம் நடக்குமா?" என்பது மூன்றாவது கேள்வி. நடக்கும். நடந்துகொண்டும் இருக்கிறது. அதே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே என்னும் சிற்றூரில் ஒரு தொழில்முறைக் கால்பந்துக் குழு உண்டு. அமெரிக்கக் கால்பந்து, நம் கால்பந்து வேறு. 1923 முதல் அது பொதுமக்களின் சொத்து. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் பங்குதாரர்கள். லாபம் என்று ஒரு காசு கிடைக்காது. பங்கை விற்றுப் பணம் பண்ணவும் முடியாது. ஆனால் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உண்டு. பெரிய நகரங்களின் குழுக்களையெல்லாம் கோடீசுவரர்கள் விற்கிறார்கள், வாங்குகிறார்கள், ஊர்விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சிற்றூரின் குழுவை எவரும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. உரிமையாளன் அந்த ஊர் ரசிகன் என்பதே காரணம்.

கைதட்டியவன் கணக்குக் கேட்டான், குழு கெட்டுப்போகவில்லை. நூறாண்டு கடந்து வாழ்கிறது.

நமக்கு

ஆலை வாயிலிலும் பேருந்துப் பணிமனையிலும் துறைமுகத்திலும் இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்களே! இவ்வளவும் சொன்னதன் பொருள் உங்களுக்கு விளங்கியிருக்கும். உங்களில் பலர் துண்டேந்தியவர்கள். மழையில் நின்றவர்கள். தோற்ற தேர்தலுக்கு மறுநாள் காலையில் கொடிக்கம்பத்துக்குக் கீழே வந்து நின்று, கிழிந்த கொடியை மாற்றிக் கட்டியவர்கள். ஹன்ட்ஸ்வில் ரசிகனின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ரசிகனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. தோல்வியில் விட்டுப்போகாத உறுதி. ஆள் மாறினாலும் கொடி மாறாத நெஞ்சு. நட்சத்திர ஆட்டக்காரன் போனதும் கூடவே கிளம்பிப்போகாமல், குழுவுக்கு என்று நிற்கும் நேர்மை. இவை உயர்ந்த குணங்கள். எள்ளி நகையாடத்தக்கவை அல்ல.

ஆனால் ஓரிடத்தில் நாம் அவனிடமிருந்து மாறுபட்டே தீரவேண்டும். ரசிகன் கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்திருப்பவன். தொண்டன் தளத்துக்குள் நிற்பவன். ரசிகனைக் கேட்காமல் லீகைக் கலைக்கலாம். தொண்டனைக் கேட்காமல் கட்சியை நடத்தலாம் என்று எவரும் எண்ணக்கூடாது. எண்ண விடவும் கூடாது. கிளைக் கூட்டம் ஒழுங்காகக் கூடுகிறதா? வசூலான பணத்துக்குக் கணக்கு வாசிக்கப்படுகிறதா? முடிவு எடுத்தபின் நமக்குச் சொல்கிறார்களா, எடுக்குமுன் நம்மைக் கேட்கிறார்களா? கட்டவுட்டுக்கு மாலை போடுவதோடு நம் வேலை முடிந்துவிட்டதா? இவற்றைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் உங்களை ரசிகனாக்கப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஏழு கல்லூரிகளின் கதையையும் மறவாதீர்கள். தூரத்தில் இருக்கிறான், செலவு அதிகம் என்று பலவீனமான தோழனைக் கழற்றிவிடுவது எளிது. இந்த ஆலையில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளியைக் கழற்றிவிடுவதும் அப்படித்தான். இன்று கழற்றிவிட்டவனுக்கு, நாளை தன்னைக் கழற்றிவிடும் கை எங்கிருந்து வரும் என்று தெரியாது.

ஆங்கரேஜில் இன்று அந்தச் சிறு தளத்தின் ஓரத்தில் சில நூறு பேர் உட்கார்ந்து, எதிரணிக்காரனைப் பார்த்துச் "சல்லடை" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். குழு தோற்கலாம், வெல்லலாம். ஆனால் அந்தத் தளத்தில் குழு நிற்பதற்குக் காரணம் தாங்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நிர்வாகத்துக்கும் தெரியும். அடுத்த முறை கத்தரியை எடுப்பவர் ஒரு கணமாவது தயங்குவார். அந்த ஒரு கணத் தயக்கமே ரசிகன் ஈட்டிய அதிகாரம்.

கைதட்டியவன் கணக்குக் கேட்கலாமா என்று தலைப்பில் கேட்டோம். கேட்கலாம் என்பது ஹாக்கி ரசிகனுக்கு நம் விடை. கேட்டே ஆகவேண்டும் என்பது தொண்டனுக்கு நம் விடை.